கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லாத நாட்டில் ஒரு வாக்குகூட ஏன் மாறவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போய்விடும். அமெரிக்காவில் அப்படியொரு சட்டமே கிடையாது. பிறகு ஏன் 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையிலிருந்த 178 குடியரசுக் கட்சியினரில் ஒருவர்கூட ஆதரவளிக்கவில்லை? அந்தச் சட்டத்தின் மூல யோசனையே அவர்களுடையது என்கிறார்களே, அது உண்மையா? கேள்வியைத் திரும்பப் படித்தபோது, அதன் அடியில் மூன்றாவதாக ஒன்றும் இருப்பதாகப் பட்டது. அவர்கள் எதிர்த்தது கொள்கைக்காகவா, ஒபாமாவைத் தோற்கடிப்பதற்காகவா என்பதுதான் அது. முதல் இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு ஓரளவுதான் சொல்ல முடியும்.

நான் ஒஹாயோ மாநிலத்தில் பொது நிர்வாகம் படித்தேன். பிறகு அங்கேயே ஒரு மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சட்டங்கள் பேசி முடிக்கப்படும் அறைகளில் நான் இருந்ததில்லை. நோயாளியின் கையில் பில்லைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய மேசையில் இருந்தேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குச் சார்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மேசைக்கு வந்த ஒரு பெண்மணியை மறக்க முடியாது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பூக்கடை வைத்தார். நிறுவனம் கொடுத்த காப்பீடு வேலையோடு போயிற்று. தனியாக வாங்கப் போனபோது, பழைய நோயைக் காரணம் காட்டி மூன்று நிறுவனங்கள் மறுத்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை, பணம் இல்லையென்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு பில் வரும். அதைத்தான் அவர் என்னிடம் கொண்டுவந்தார். 2010இல் அமெரிக்காவில் காப்பீடே இல்லாதவர்கள் ஏறத்தாழ 16 சதவீதம்.

இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால், நோய் இருப்பவரை மறுக்கக் கூடாது என்று ஒரு வரிச் சட்டம் போதாதா என்று தோன்றும். போதாது. அப்படி மட்டும் சட்டம் போட்டால், உடம்பு நன்றாக இருக்கும்வரை யாரும் காப்பீடு வாங்க மாட்டார்கள். படுத்த பிறகு வாங்குவார்கள். நோயாளிகள் மட்டுமே சேர்ந்த கூட்டத்தில் பிரீமியம் ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற, மிச்சமிருக்கும் ஆரோக்கியமானவர்களும் விலகுவார்கள். நியூயார்க் மாநிலம் 1990களில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஆகவே இரண்டாவதாக, எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும் என்ற விதி வேண்டும். அப்படிக் கட்டாயப்படுத்தினால் வாங்க வசதியில்லாதவருக்கு அரசு மானியம் கொடுக்க வேண்டும், அது மூன்றாவது. அடுப்புக்கு மூன்று கல் போல, ஒன்றை எடுத்தால் பானை கவிழ்ந்துவிடும். ஒபாமா சட்டம் வந்தபோது அதன் மையமாக இருந்தது இதுதான். இதோடு ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்கியது, 26 வயதுவரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்றது, அதிக வருமானம் உள்ளவர்கள் மீது புதிய வரி போட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கட்டாயக் காப்பீடு என்ற யோசனையை 1989இல் முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத ஆய்வு நிறுவனம். 1993இல் அப்போதைய ஜனாதிபதி பில் கிளிண்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாற்றாக, ஜான் சேஃபி என்ற குடியரசுக் கட்சி செனட்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதில் கட்டாயக் காப்பீடு இருந்தது. கட்சியின் செனட் தலைவராக இருந்த பாப் டோல் உட்படப் பலர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2006 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதே அமைப்பைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. மேடையில் உடன் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடி. மறுபக்கம், 2008 வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளிண்டன் கட்டாயக் காப்பீட்டை ஆதரித்தபோது அதை எதிர்த்தவர் ஒபாமா. ஆட்சிக்கு வந்த பிறகுதான் அவர் மனம் மாறினார்.

இவையெல்லாம் பதிவான உண்மைகள். ஆனாலும் "அது அவர்கள் யோசனை" என்ற வாக்கியம் பாதிதான் சரி. சேஃபி மசோதா வாக்கெடுப்புவரைக்கூட வரவில்லை. கட்சியில் பெரும்பாலோர் அதை ஒருபோதும் தம்முடையதாக ஏற்கவில்லை. மெடிகெய்ட் விரிவாக்கமும், பணக்காரர்களின் முதலீட்டு வருமானத்தின் மீதான 3.8 சதவீத வரியும் எந்தக் காலத்திலும் அவர்கள் கேட்டவை அல்ல. தனியார் காப்பீட்டுச் சந்தையைச் சீர்படுத்தும் பகுதி அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது; அதற்குப் பணம் திரட்டும் பகுதி வரவில்லை என்று சொல்வதே நியாயம்.

இனி முதல் கேள்வி. 1965இல் முதியோருக்கான மெடிகேர் திட்டமும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் ஒரே சட்டமாக நிறைவேறின. இறுதி வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினரில் 70 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு. செனட்டில் 13 பேர் ஆதரவு, 17 பேர் எதிர்ப்பு. கட்சி நடுவாகப் பிளந்தது. அது எப்படி நடந்தது என்பது சுவையான கதை. வரிக் குழுவின் தலைவராக இருந்த வில்பர் மில்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், ஆர்கன்சாவைச் சேர்ந்தவர், எண்ணிக்கை தேறாமல் எந்த மசோதாவையும் சபைக்குக் கொண்டுவராதவர். அவர் முன்னால் மூன்று திட்டங்கள் இருந்தன. ஜனாதிபதி ஜான்சனின் திட்டம் முதியோரின் மருத்துவமனைச் செலவை ஏற்றது. குடியரசுக் கட்சியின் ஜான் பைர்ன்ஸ் கொண்டுவந்தது டாக்டர் கட்டணத்துக்கான விருப்பக் காப்பீடு. மருத்துவர் சங்கம் ஏழை முதியோருக்கு மட்டும் உதவி போதும் என்றது. ஒன்றை ஏற்று மற்ற இரண்டைத் தள்ளுவார் என்று எல்லோரும் காத்திருக்க, மில்ஸ் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார். எதிர்க்கட்சியின் திட்டமே உள்ளே இருக்கும்போது எதிர்த்து வாக்களிப்பது எளிதல்ல. இன்றும் மெடிகேரின் இரண்டாம் பகுதி என்று முதியவர்கள் கட்டும் பிரீமியம் பைர்ன்ஸின் யோசனையிலிருந்து வந்ததுதான். அந்தப் பில்களை ஆயிரக்கணக்கில் கையாண்டிருக்கிறேன். அதன் பின்னால் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் கை இருக்கிறது என்பதை என்னோடு வேலை பார்த்தவர்களில் யாரும் அறிந்திருக்கவில்லை.

ஆனால் மில்ஸின் சாமர்த்தியம் மட்டும் காரணமல்ல. அன்று கட்சிகளே வேறு மாதிரி இருந்தன. தெற்கு மாநிலங்களில் கடும் பழமைவாதிகள் ஜனநாயகக் கட்சியிலும், வடகிழக்கில் தாராளவாதிகள் பலர் குடியரசுக் கட்சியிலும் இருந்தார்கள். எந்த மசோதாவுக்கும் இரு பக்கத்திலிருந்தும் ஆள் சேர்க்க முடிந்தது. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தந்த 1960களின் சட்டங்களுக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் தெற்கு முழுவதும் மெல்லக் குடியரசுக் கட்சிப் பக்கம் போயிற்று; வடகிழக்கு எதிர்த்திசையில் போயிற்று. 2009 வாக்கில், எதிர்க்கட்சியில் தன்னைப் போலவே நினைக்கும் ஆளைத் தேடினால் ஐந்தாறு பேர் தேறினாலே அதிகம்.

அதோடு 1993இன் பாடமும் சேர்ந்தது. கிளிண்டன் திட்டத்தோடு சமரசம் பேசக் கூடாது, அதை முழுதாக வீழ்த்த வேண்டும் என்று வில்லியம் கிறிஸ்டல் என்ற குடியரசுக் கட்சி உத்தியாளர் அந்த டிசம்பரில் ஒரு குறிப்பு அனுப்பினார். நடுத்தர மக்கள் ஒரு பெரிய அரசுத் திட்டத்தால் பலன் அடைந்தால், பிறகு தலைமுறைக் கணக்கில் ஜனநாயகக் கட்சியின் பக்கம் நிற்பார்கள் என்பது அவர் கவலை. 1994இல் திட்டம் செத்தது. அந்த நவம்பரிலேயே 40 ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சி வசம் வந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா என்பது வேறு விஷயம். ஆனால் எதிர்த்தவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, பதவியைப் பறிக்கும் சட்டம் இல்லையே, தனி ஒருவர் ஏன் துணியவில்லை? இதற்குப் பதில், அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைமை தேர்ந்தெடுப்பதில்லை என்பதில் இருக்கிறது. நம் ஊரில் சீட்டு கொடுப்பது தலைமை. அங்கே கொடுப்பது தொகுதியிலுள்ள கட்சி வாக்காளர்கள், தனியாக நடக்கும் உட்கட்சித் தேர்தலில். அதற்கு வந்து வாக்களிப்பவர்கள் பொதுத்தேர்தலை விடக் குறைவு. வருபவர்கள் கட்சியில் மிகத் தீவிரமானவர்கள். கொறடாவின் உத்தரவுக்கு அங்கே வலிமை குறைவு. தொகுதியில் காத்திருக்கும் அந்தத் தீவிர வாக்காளருக்கு வலிமை அதிகம்.

மூன்று பேரின் கதையைச் சொல்கிறேன். பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர், 2009 பிப்ரவரியில் ஒபாமாவின் பொருளாதார ஊக்கத் திட்டத்துக்கு ஆதரவளித்த மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர். அடுத்த உட்கட்சித் தேர்தலில் தோல்வி உறுதி என்று தெரிந்ததும் ஏப்ரலில் ஜனநாயகக் கட்சிக்கே போய்விட்டார். யூட்டாவின் பாப் பென்னட் மூன்று முறை செனட்டர். ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனோடு சேர்ந்து ஒரு மருத்துவக் காப்பீட்டு மசோதாவை முன்பே எழுதியிருந்தார். அதில் கட்டாயக் காப்பீடு உண்டு. 2009இல் ஒபாமா சட்டத்தை எதிர்த்துத்தான் வாக்களித்தார். இருந்தும் 2010 மே மாதம் மாநிலக் கட்சி மாநாட்டில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு வாய்ப்பை இழந்தார். வங்கிகளைக் காப்பாற்ற அரசுப் பணம் கொடுத்ததை ஆதரித்தது அதற்குப் பெரிய காரணம்; வைடனோடு சேர்ந்ததும் அவர் மேல் வைக்கப்பட்ட குற்றம்தான். மூன்றாமவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஜோசப் காவ், வியட்நாமில் பிறந்தவர். 2009 நவம்பர் 7 அன்று பிரதிநிதிகள் சபையின் முதல் வாக்கெடுப்பில், 220க்கு 215 என்று மசோதா தேறியபோது, ஆதரவளித்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் அவர்தான். ஆம், உங்கள் கேள்வியில் உள்ள "ஒருவர்கூட" இறுதி வாக்கெடுப்புக்கு மட்டுமே பொருந்தும். கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்ற கடுமையான பிரிவு அதில் இருந்ததால் ஆதரித்தார். செனட் வடிவத்தில் அது தளர்ந்ததும் மார்ச்சில் எதிர்த்தார்.

செனட்டிலும் ஒரு கணம் கதவு திறந்தது. 2009 கோடையில் மூன்று ஜனநாயகக் கட்சியினரும் மூன்று குடியரசுக் கட்சியினரும் மாதக்கணக்கில் மூடிய அறையில் பேசினார்கள். நிதிக் குழுத் தலைவர் மேக்ஸ் பாக்கஸ் ஒரு பக்கம், அயோவாவின் சக் கிராஸ்லி மறுபக்கம். கிராஸ்லி 1993இன் சேஃபி மசோதாவில் கையெழுத்திட்டவர். ஆகஸ்டில் உறுப்பினர்கள் தொகுதிக்குப் போனார்கள். ஊர்க் கூட்டங்கள் கூச்சலாக மாறின. அந்த வாரங்களில்தான், 2008இல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற சாரா பேலின், யார் வாழலாம் யார் சாகலாம் என்று தீர்மானிக்கும் "மரணக் குழுக்கள்" வரப்போகின்றன என்று எழுதினார். மசோதாவில் இருந்தது, இறுதிக்காலச் சிகிச்சை குறித்து விரும்பினால் டாக்டரோடு பேசலாம், அந்த நேரத்துக்கு மெடிகேர் கட்டணம் தரும் என்ற ஒரு பிரிவு மட்டுமே. எண்பது வயது தாண்டிய ஒரு முதியவர் என் மேசைக்கு வந்து, இனி தன் டயாலிசிஸுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தணிந்த குரலில் விசாரித்தார். அப்படி எதுவும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அரசியலில் பொய் புதிதல்ல. ஆனால் நோயாளி ஒருவரின் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்த பிறகு அதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. கிராஸ்லி விலகினார். அந்த ஆறு பேரில் மெய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ மட்டும் அக்டோபரில் குழு அளவில் ஆதரவாக வாக்களித்தார்; டிசம்பரில் முழு செனட்டும் வாக்களித்தபோது அவரும் எதிர்த்தார்.

எதிர்த்தரப்புக்கும் மெய்யான மனக்குறைகள் இருந்தன. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். ஜனநாயகக் கட்சி அணியில் சரியாக 60 பேர் இருந்தார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தன் விலையைக் கேட்க முடிந்தது. ஜோ லீபர்மேனுக்காக அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. பென் நெல்சனுக்காக நெப்ராஸ்காவுக்கு மட்டும் மெடிகெய்ட் செலவில் தனிச் சலுகை எழுதப்பட்டது. அது பெரிய அவமானமாகிப் பின்னர் நீக்கப்பட்டது. 2009 டிசம்பர் 24 காலை 60க்கு 39 என்று செனட்டில் தேறியது. மறைந்த மாசசூசெட்ஸ் செனட்டர் கென்னடியின் இடத்துக்கு 2010 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்றார். 60 என்பது 59 ஆயிற்று. திருத்திய மசோதாவை மறுபடி செனட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. அதனால் செனட் வடிவத்தையே பிரதிநிதிகள் சபை அப்படியே ஏற்றது. திருத்தங்களை, சாதாரணப் பெரும்பான்மை போதுமான ரீகன்சிலியேஷன் என்ற பட்ஜெட் நடைமுறையில் தனிச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். விதிப்படி சரி. ஆனால் மாசசூசெட்ஸ் வாக்காளர்களே வேண்டாம் என்று சொன்ன பிறகு குறுக்குவழியில் நிறைவேற்றினார்கள் என்ற கோபம் போலியானதல்ல. பிடித்த காப்பீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா கொடுத்த வாக்குறுதியும் தவறாகிப் போனது. 2013 இலையுதிர் காலத்தில் ரத்துக் கடிதங்களோடு என் மேசைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் எதுவும் இருக்கவில்லை.

ஜனநாயகக் கட்சியிலும் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2010 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு, 219க்கு 212 என்று சட்டம் தேறியபோது அக்கட்சியின் 34 பேர் எதிர்த்தார்கள். எங்கள் ஒஹாயோவின் கேன்டன் பகுதிப் பிரதிநிதி ஜான் போச்சியேரி 2009 நவம்பரில் எதிர்த்தவர். மார்ச்சில் ஆதரவுக்கு மாறினார். 2010 நவம்பர் தேர்தலில் பதவியை இழந்தார். குடியரசுக் கட்சிக்கு அந்தத் தேர்தலில் 63 இடங்கள் கூடின. ஆதரவு வாக்குதான் ஜனநாயகக் கட்சியினரைத் தோற்கடித்ததா? பலர் அப்படிச் சொல்வார்கள். வேலையில்லாதோர் விகிதம் 9 சதவீதத்துக்கு மேல் இருந்த ஆண்டு அது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் பலரும் அதே நாளில் தோற்றார்கள்.

கொள்கையா, உத்தியா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உறுதியானது ஒன்று உண்டு: செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் 2010 மார்ச்சிலேயே பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னார். இரு கட்சிகளின் முத்திரையும் விழுந்தால் மக்கள் இதைச் சரியான சட்டம் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பது முக்கியமாக இருந்தது என்பது அவர் பேச்சின் சாரம். ஆக, தலைமைக்கு உத்தி இருந்தது. அது ஊகம் அல்ல. ஆனால் 178 பேரின் மனத்திலும் அதுதான் இருந்தது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மத்திய அரசு ஒரு பொருளை வாங்கச் சொல்லிக் குடிமகனைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். 2012இல் உச்ச நீதிமன்றமே அதில் 5க்கு 4 என்று பிரிந்து, அபராதத்தை வரி என்று கொண்டால் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒபாமா இன்னும் விட்டுக்கொடுத்திருந்தால் பத்து பேர் வந்திருப்பார்களா என்பதும் நிரூபிக்க முடியாத வாதம். வந்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. பென்னட்டுக்கு நேர்ந்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.

அந்தக் கணிப்புக்கு இரண்டு ஆதாரங்கள் பின்னால் கிடைத்தன. முதலாவது எங்கள் மாநிலத்திலேயே. 2011 நவம்பரில் ஒஹாயோ வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், கட்டாயக் காப்பீடு எங்களுக்கு வேண்டாம் என்று மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். அதே மாநிலத்தில் 2013இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் கேசிக், தன் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் போட்ட தடையை நீக்கிவிட்டு, செலவுகளை அனுமதிக்கும் ஒரு சிறு வாரியத்தின் வழியாக மெடிகெய்ட் விரிவாக்கத்தை ஏற்றார். ஆளுநரின் மேசைக்குத்தான் மருத்துவமனைகளின் கடன் கணக்குகளும் போதை அடிமைகளின் சிகிச்சைச் செலவும் வந்து சேரும். வாஷிங்டனில் வாக்களிப்பவரிடம் அவை வருவதில்லை. 2014 ஜனவரிக்குப் பிறகு என் மேசையில் பில்லோடு அழுதுகொண்டு நின்றவர்கள் குறைந்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

இரண்டாவது 2017 ஜூலை 28, அதிகாலை ஒன்றரை மணி. சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது. இந்த முறை ஜனநாயகக் கட்சியில் ஒருவர்கூட ஆதரவளிக்கவில்லை. அணியை விட்டு வெளியே வந்தவர்கள் குடியரசுக் கட்சியின் மூன்று பேர். அவர்களில் ஜான் மெக்கெய்ன் மூளைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்தார். 2016இல்தான் ஆறு ஆண்டுகளுக்கு மறுபடி தேர்வாகியிருந்தார். சூசன் காலின்ஸுக்கு மெய்ன் மாநிலத்தில் கட்சியைத் தாண்டிய சொந்த வாக்குகள் இருந்தன. அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி 2010இல் உட்கட்சித் தேர்தலில் தோற்றுப்போனவர். வாக்குச்சீட்டில் பெயரே அச்சாகாத நிலையில், வாக்காளர்களே அவர் பெயரைக் கையால் எழுதி அவரை செனட்டுக்குத் திரும்ப அனுப்பியிருந்தார்கள்.